சமையலறையைப் பார்த்து வாசிப்பவன்

நைரோபி
செவ்வாய்க்கிழமை

என் கோதெலீவ்,

லுபும்பாஷியில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் தினமும் எழுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

வேலையும் நலமே, சனிக்கிழமைவரை மட்டும் கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. என் கிட்டாரில் கம்பியின் அதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் ஒற்றைச் சுருள் பிக்கப், நான் வாசிக்கும் விடுதியின் விளக்குகளோடு சேர்ந்து இரைகிறது என்று, மேலாளர் முட்டிசோ இரட்டைச் சுருளை வாங்கிப் பொருத்தினார். இரைச்சல் ஒழிந்தது. மணிபோல ஒலிக்கும் சுரமும் ஒழிந்தது. பாட்டின் ஆட்டப் பகுதியான செபேன் தொடங்கியும் ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"எவ்ளோ அமைதி பாத்தியா!" என்று மேலாளர் மகிழ்ந்தார்.

மறுநாளே பழைய ஒற்றைச் சுருளைக் கிட்டாரில் திரும்பப் பற்றவைத்துவிட்டேன். "சனிக்கிழமை இரைஞ்சா மூட்டையைக் கட்டிக்கோ" என்றார் முட்டிசோ.

ஏதாவது ஒரு திசையைப் பார்த்துத் திரும்பி நின்றால் ஒற்றைச் சுருளின் இரைச்சல் அடங்கிவிடும் என்பது நம் ஊர்க் கிட்டார்க்காரர்களுக்குத் தெரியும். இங்கே அந்தத் திசை சமையலறை. சனிக்கிழமை முழுவதும் கூடத்துக்கு முதுகைக் காட்டி, சமையல்காரரைப் பார்த்தே வாசித்தேன். கூடமே எழுந்து ஆடியது.

"ஜனங்க உன் முதுகைப் பாக்கவாய்யா வர்றாங்க?" என்றார் முட்டிசோ.

"ஆடறவங்க யாரு சார் மேடையைப் பாத்தாங்க?" என்றார் டிரம் வாசிக்கும் ஒகெலோ.

வேலை நிலைத்தது. சுருளை இனி யார் சொன்னாலும் மாற்றமாட்டேன்.

ஆகவே, முதுகில் ஒட்டுப்போடாத சட்டை ஒன்று தைத்து அனுப்பு. இங்கும் தையல்காரர்கள் உண்டு. ஆனால் என் அளவு உன் கைக்குத்தான் தெரியும். இடுப்பில் மட்டும் இரண்டு விரல் குறைத்துக்கொள். சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன் பிளாசிட்