சீனத்து மேகத்தை அடைத்துவிட்டார்கள்

என் உயிரான அண்ணாவுக்கு,

மாம்புரிக் கரையில் நாம் இருவரும் சேர்ந்து வரைந்த ஹோட்டல் கோபுரம் எழுந்து நிற்கிறது. இன்று அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சீனாவில் படித்துவிட்டு வந்த புதிதில், அந்த நாட்டு மை ஓவியங்களை என் முன்னால் விரித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? மலைக்கும் மலைக்கும் நடுவே வெறும் தாள். "மேகத்த வரையல்ல தங்கச்சி, அதுக்கு இடம் விட்டிருக்கான். நாம காத்துக்கு இடம் விடுவம்" என்றீர்கள். அப்படித்தான் அந்த முப்பது மாடியில் அடியிலும் நடுவிலும் சுவரே இல்லாத தளங்களை வைத்தோம். கடலிலிருந்து வரும் கச்சான் காற்று அவற்றுக்குள் புகுந்து கட்டடத்தையும் குளிர்விக்கும், பின்னால் மீனவர்கள் கருவாடு காயவைக்கும் வாடிகளுக்கும் போய்ச் சேரும்.

உங்களை அடக்கம் செய்த மாதமே ஹோட்டல்காரர்கள் என்னை வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள். இப்போது அந்தத் தளங்களையெல்லாம் நீலக் கண்ணாடியால் அடைத்து அறைகளாக்கியிருக்கிறார்கள். முகப்பில் பிளாஸ்டிக் டிராகன் ஒன்று, வாய்க்குள் சிவப்பு லைட். அதுதான் சீனக் கலையாம்! ஏன் அடைத்தீர்கள் என்று ஹோட்டல் மேனேஜரிடம் கேட்டேன்.

"வெறும் இடத்துல யாரு மிஸ் படுப்பாங்க?" என்று சிரித்தார்.

பின்பக்கம் போனேன். ஏசி இயந்திரங்கள் கக்கும் சூட்டில் நின்று செல்வி மாமி கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். மீனில் புழு நெளிந்தது.

"காத்தே இல்ல மகள். காய முந்தியே அழுகுது. இத வரைஞ்சது உங்கட அண்ணன் எண்டு சொல்றாங்க. ஓமா?"

ஓம் என்பதா, இல்லை என்பதா?

வாசலுக்கு வந்தேன். அங்கே பித்தளைப் பலகையில் உங்கள் பெயர்.

"அண்ணனுக்கு நாங்க செய்ற மரியாதை" என்றார் மேனேஜர்.

"அவர் வரைஞ்சது இது இல்ல. கழட்டுங்க."

அவர் அசையவில்லை. கார்ச் சாவியின் நுனியால் நானே திருகாணிகளைக் கழற்றினேன். நகம் பிய்ந்து இரத்தம் வந்தது. பரவாயில்லை, அந்தச் சுவரில் உங்கள் பெயர் இல்லை.

நாளை நம்முடைய வரைபடத்தோடும் வாடிக்காரர்களோடும் பிரதேச சபைக்குப் போகிறேன். என்ன நடக்குமோ தெரியாது. ஒரு தளமாவது திறக்கும்வரை விடமாட்டேன், அண்ணா. திறக்காவிட்டால், இதை வரைந்தது நீங்கள் இல்லை என்று கேட்கிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பேன். முதலில் செல்வி மாமியிடம்.

உங்களோடு ஒரே மேசையில் வரைந்த தங்கச்சி,
மெர்சி