கம்பளிக்குத் தீட்டில்லை

கட்டுக்கலை, கண்டி
19-5-1935

என் தங்கச்சி குமாரிக்கு உன் அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். நீயும் உன் மகனும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் வீட்டுக்காரர் ராஜலிங்கம் தம்பி போட்ட தபாலட்டை வந்தது. உன் அத்தான் சந்தையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஆம்பிளைப் பிள்ளை! உன் தங்கச்சிக்கு ஆம்பிளைப் பிள்ளை!" என்று கத்தினார். நான் சிரித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தை மாதத்தில் என் பிள்ளை பவளம் போன பிறகு நான் சிரித்து அவர் பார்த்ததில்லை.

இந்தப் பொதியில் ஒரு போர்வை இருக்கிறது. பிரித்ததும் உனக்குத் தெரிந்துவிடும், ஆனாலும் நானே சொல்லிவிடுகிறேன். இது பவளத்தின் போர்வை. சிவப்பும் பாசிப்பச்சையும் நான் வாங்கின நூல். சாம்பல் நிறம் உன் அத்தானுடைய பழைய கழுத்துக் கம்பளியைப் பிரித்தது. கட்டம் கட்டமாகக் கொக்கி ஊசியில் போட்டு இணைத்தேன். கடுகண்ணாவையில் நாத்தனார் வீட்டில் எல்லாரும் காய்ச்சலில் விழுந்தபோது பிள்ளையும் அங்கேதான் இருந்தாள். கொயினா மருந்து குடித்துக் குடித்து அவள் கடைசியாகப் படுத்திருந்தது இதற்குள்தான். உடுப்பு, பாய் எல்லாவற்றையும் எரித்தார்கள். இதையும் எரிக்கச் சொன்னார்கள். நான் அரிசிப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டேன்.

கம்பளிக்குத் தீட்டில்லை என்று அம்மா சொல்வது ஞாபகம் இருக்கிறதா? நாம் மாதாமாதம் தூரமாக இருந்த நாட்களில் பாயைத் தொடவிட மாட்டார். கம்பளியை மட்டும் தூக்கி எறிந்து, "இதுல படுங்கடி" என்பார். வேப்பிலை போட்ட பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தினேன். வெந்நீர் காட்டவில்லை. வெந்நீர் பட்டால் கம்பளி செத்துப்போகும் என்பதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹேவாஹெட்டக் குளிருக்கு உன் மகன் இதைப் போர்த்திப் படுக்க வேண்டும். எனக்கு அது போதும். அதைப் பார்க்க, அவனை ஒருதரம் மடியில் வைத்துக்கொள்ள, எப்போது வரட்டும்? நீ சொல்கிற நாளில் வருகிறேன்.

உன் அக்கா
அன்னலட்சுமி


ஹேவாஹெட்ட
16-6-1935

அன்புள்ள அக்காவுக்கு, காலைத் தொட்டுக் கும்பிட்டு குமாரி எழுதுவது. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

தண்டபாணி என்று பேர் வைத்திருக்கிறோம். அழுதால் தொழிற்சாலைச் சங்கு தோற்றுப்போகும். ராத்திரி பகல் தெரியாத பிள்ளை. தலைமுடி மட்டும் நம் அப்பாவுடையது, இப்போதே வழுக்கை!

போர்வை கிடைத்தது அக்கா. பார்த்ததும் அழுதுவிட்டேன். பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். மாமியார் சம்மதிக்க வேண்டுமே. அவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே, தோட்டத்துத் துரையே அவரைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார். "பிள்ளைக்கு மூணு மாசம் ஆகட்டும்" என்கிறார். நீங்கள் வருவதைக் கேட்டதற்கும் அதே பதில்தான். மழையும் விடவில்லை, தலாத்துஓயாப் பக்கம் மண் சரிந்து பஸ் ஓடவில்லை என்கிறார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, பிள்ளைக்கு ஒரு தொப்பி போட்டு அனுப்புவீர்களா? வெள்ளை நூலில். கடையில் வாங்கின புது நூலாக இருந்தால் நல்லது. உங்கள் கைக்கு வருகிற வட்டம் எனக்கு வருகிறதில்லை.

குமாரி


கண்டி
14-7-1935

குமாரிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

தொப்பி இதில் இருக்கிறது. புது நூல்தான். பக்கத்து வீட்டுக் கைரியா தன் மனுசன் கடையிலிருந்து கொண்டுவந்து தந்தாள். காது மூடுகிற மாதிரி இரண்டு பக்கமும் இறக்கிவிட்டிருக்கிறேன்.

மூன்று மாதம் என்று உன் மாமியார் சொன்னால் சரி. பெரியவர் சொல்வதை மீறி நான் வரமாட்டேன். கைரியா கேட்டாள், "அன்னம், சொந்தத் தங்கச்சியப் பார்க்கப் போறதுக்கு என்னத்துக்குக் காயிதம்? செல்லாமக் கொள்ளாமப் போய் எறங்குங்க. செல்லிட்டுப் போனா கதவப் பூட்டிருவாங்க" என்று. அவளுக்கு வாய் அதிகம். நீ கூப்பிட்டு நான் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சும்மா இருந்தால் பிள்ளைக்குத் தலை வாரப் போகிற மாதிரி விரல் தானாக மடங்குகிறது. அதனால் எதையாவது போட்டுக்கொண்டே இருக்கிறேன். தண்ணீர்ப் பானைக்குப் பாசிமணி கோத்த மூடி. கதிரை முதுகுக்கெல்லாம் விரிப்பு. அலுமாரிக் கண்ணாடிக்கு ஒரு திரை. விளக்குக்கு அடியில் ஒன்று, சுண்ணாம்புச் செம்புக்கும் ஒன்று. உன் அத்தான் நேற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இனி மூட என்ன இருக்கு? நான் ஒருத்தன்தான் பாக்கி. கொஞ்சம் அசையாம இருந்தா எனக்கும் ஒண்ணு போட்டுருவ போல" என்றார். நான் சிரிக்கப் போனேன். அதற்குள் அவரே எழுந்து முகம் கழுவப் போய்விட்டார். நெடுநேரம் கழுவினார்.

போர்வையைப் பெட்டியில் வைத்தால் பூச்சி அரிக்கும். பிள்ளைமேல் போட முடியாவிட்டால் தொட்டிலுக்கு அடியிலாவது விரி.

அக்கா


ஹேவாஹெட்ட
25-8-1935

அன்புள்ள அக்காவுக்கு,

தொப்பி அளவெடுத்த மாதிரி இருக்கிறது. போட்டால் சின்னத் துரை மாதிரி இருக்கிறான். தினமும் போடுகிறேன்.

நீங்கள் வருகிற விஷயத்தை எழுதத்தான் கை ஓடவில்லை. மூன்று மாதம் முடிந்தது. இப்போது பிள்ளைக்குச் சளி. மாமியார் யாரிடமோ குறி கேட்டிருக்கிறார். ஐப்பசி முடியும்வரை வெளி ஆட்கள் பார்க்கக்கூடாதாம். உங்களை வெளி ஆள் என்று நான் சொல்லவில்லை அக்கா. அவர் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்? வாழ வந்த வீடு. வாயைத் திறந்தால் சண்டை.

போர்வையை வெயிலில் காட்டி மடித்து வைத்தேன். கவலைப்படாதீர்கள். என்னை வெறுத்துவிடாதீர்கள்.

குமாரி


கண்டி
17-9-1935

குமாரிக்கு,

நேற்று ராஜலிங்கம் தம்பி கடைச் சாமான் வாங்கக் கண்டிக்கு வந்தவர் இங்கேயும் வந்தார். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, "என்ன மதினி, புள்ளையப் பார்க்க வராம எங்கமேல கோவமா? அம்மா தினம் கேக்கறாங்க" என்றார். குறி கேட்டது, ஐப்பசி எதுவும் அவருக்குத் தெரியாது போல. ஆம்பிளைக்கு வீட்டில் நடப்பது தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

"வர்ற ஞாயித்துக்கெழமை கட்டாயம் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வருகிறோம். உன் மாமியார் ஏதும் சொன்னால் நான் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். ஒருதரம் தூக்கிவிட்டுத் தந்துவிடுவேன்.

அக்கா


கண்டி
1-10-1935

குமாரிக்கு,

பஸ்ஸில் இரண்டு இடத்தில் வாந்தி எடுத்தேன். மற்றபடி நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நீ கட்டித் தந்த இடியப்பத்தை உன் அத்தான் சாப்பிட்டார்.

அன்றே எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதினால் கோபத்தில் எழுதுவேன் என்று விட்டுவிட்டேன். இப்போதும் கோபம் போகவில்லை. ஆனால் எழுத்து நேராக வருகிறது.

நாங்கள் வந்து இறங்கியபோது உன் மாமியார் வாசலுக்கே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வா தாயி. எத்தனை தரம் சொல்லிட்டேன் இவகிட்ட, அக்காவ வரச் சொல்லுடின்னு. அப்படி என்ன கண்டியில நீ ராச்சியம் ஆளுற?" என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீ அடுப்பைப் பார்க்கப் போனாய்.

வீட்டில் மெத்தை போட்ட கதிரை ஒன்றுதான் இருந்தது. அதை எனக்கு இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். கை சும்மா இராதே, ஓரத்தைத் தடவியது. தேங்காய்நார் மாதிரி இருந்தது. நல்ல கொக்கி வேலை, ஆனால் நூல் செத்த நூல். யாரோ கம்பளியைக் கொதிக்கவைத்திருக்கிறார்கள், பாவம், தெரியாதவர்கள் என்று நினைத்தேன். பிறகு குனிந்து பார்த்தேன். சிவப்பு. பாசிப்பச்சை. நடுவில் உன் அத்தானுடைய கழுத்துக் கம்பளி.

உன் மாமியார் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "உன் தங்கச்சி போட்டதுதான். நீ அனுப்பின கம்பளி. புள்ளைக்குப் போத்துடி, இந்தக் குளிருக்கு இதைவிட என்ன வேணும்னேன். கம்பளிக்கு ஏது தீட்டுன்னும் சொன்னேன். நெருப்பு மிதிச்சவ மாதிரி கத்துனா. பிரிச்சு, அண்டாவுல போட்டு அவிச்சு, திரும்பக் கொக்கியில போட்டு எனக்கு மெத்தையாக்கிட்டா. குத்துது. ஆனா மருமக போட்டதாச்சேன்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். நான் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் அவருக்கும் உறைத்தது. "எந்திரி தாயி. எந்திரிச்சு இங்க பாய்ல உக்காரு" என்றார். நான் எழுந்திருக்கவில்லை.

அவர்தான் உன்னைக் கூப்பிட்டார். "புள்ளையக் கொண்டாந்து அக்கா மடியில குடு." நீ கதவோரத்தில் வந்து நின்றாய். பிள்ளையின் முகத்தை உன் தோளுக்குள் திருப்பிப் பிடித்திருந்தாய். நான் போட்ட தொப்பியைப் பார்த்தேன், பின்கழுத்தைப் பார்த்தேன். பால் குடிக்கிற நேரம் என்றாய். குடித்து முடித்ததும் தூங்குகிற நேரம் என்றாய். அவன் ஒருதரம் தலையைத் திருப்பினான். கன்னத்தில் மை. நெற்றியில் மை. உள்ளங்காலிலும் வைத்திருந்தாய். உன் தோள் முழுக்க ஈரமாக ஒட்டியிருந்தது. நாங்கள் வாசலில் நிற்கும்போதுதான் வைத்திருக்கிறாய்.

போர்வைக்குப் பயந்தாய், அது காய்ச்சலுக்குப் பயந்து. சரி. மை யாருக்கு, குமாரி?

உன் மாமியாரை மூன்று மாதம் நான் மனதுக்குள் என்னவெல்லாமோ திட்டியிருக்கிறேன். கோவிலில் நின்றுகூடத் திட்டினேன். அந்த மனுசி புறப்படும்போது என் முந்தானையில் எலுமிச்சம்பழம் கட்டித் தந்து, "பஸ்ல மோந்துக்க" என்றார். அவருக்கு நான் கடன்பட்டுவிட்டேன். உன்னிடம் அதற்கெல்லாம் விளக்கம் கேட்கவில்லை. அவரை இனி எந்தக் கடிதத்திலும் எனக்குச் சொல்லாதே.

பஸ்ஸில் வரும்போது ஒன்றை நினைத்துப் பார்த்தேன். பவளம் இருந்து, உன் பிள்ளை போயிருந்து, நீ என் வாசலில் வந்து கையை நீட்டியிருந்தால் நான் தந்திருப்பேனா? தந்திருப்பேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தெரியவில்லை. நானும் ஒரு பொட்டு மையாவது வைத்திருப்பேன். பெற்ற வயிறு அப்படித்தான். அதனால் உன்னை வெறுக்க என்னால் முடியாது. ஆனால் குமாரி, வைத்திருந்தாலும், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன். நீ என்னைப் பார்த்த மாதிரி உன்னைப் பார்த்திருக்க மாட்டேன். நான் உன் பிள்ளையைத் தூக்கி வளர்க்க வரவில்லை. என் பிள்ளைக்குப் பதிலாகக் கேட்கவும் வரவில்லை. எல்லாருக்கும் கிடைக்கிற மாதிரி ஒரு பெரியம்மாவுக்குக் கிடைக்கிறதைக் கேட்டு வந்தேன்.

உன் அத்தானுக்கு மெத்தை விஷயம் தெரியாது. அவர் வெளியில் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தார். "புள்ளை எப்படி இருக்கான்?" என்று வழியெல்லாம் கேட்டார். மூக்கு உன்னுடையது, கை குண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தான், மடியை நனைத்துவிட்டான் என்றெல்லாம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். அவர் எப்போதாவது கேட்டால் நீயும் அப்படியே சொல்.

இனி நான் அங்கே வருவதாக இல்லை. கோபத்தில் சொல்வதாக நினைக்காதே. வந்தால் நீ மறுபடியும் கதவோரத்தில் நிற்பாய், அதை நான் பார்க்க வேண்டாம். வெள்ளை நூல் கேட்டால் போட்டு அனுப்புகிறேன். புது நூல்தான் போடுவேன்.

அவன் நடக்கப் பழகியதும் ஒருநாள் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு வா. முகம் கழுவி, மை வைக்காமல் கூட்டிக்கொண்டு வா. நான் எழுந்து வரமாட்டேன், கையும் நீட்டமாட்டேன், அறையின் அந்தக் கோடியில் தரையில் உட்கார்ந்திருப்பேன். அவனை வாசற்படிக்கு உள்ளே இறக்கிவிடு. வந்தால் வரட்டும், உன்னிடமே திரும்பி ஓடினாலும் ஓடட்டும். நீ மட்டும் அவன் கையை விட்டுவிட வேண்டும்.

அது முடியும் என்று உனக்குத் தோன்றுகிற நாளில் எழுது. அதற்கு முன் எழுத வேண்டாம்.

அன்னலட்சுமி