ஆபரேஷன் அறையில் சொட்டிய தண்ணீர்

செம்பூரில் மகள் வீட்டில் இன்று காலை புது ஏசி மாட்டுவதற்காகச் சுவரில் துளை போட்டார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தண்ணீர் வெளியேறும் குழாயை அந்த மெக்கானிக் நடுவில் மேடாக வளைத்திருந்தான். தண்ணீர் அறைக்குள்ளேயே திரும்பும் என்று சொன்னேன். "டென்ஷன் மத் லோ, ஆண்ட்டி" என்று ஹிந்தியில் என் கவலையைத் தள்ளிவிட்டான். நீங்கள் இருந்திருந்தால் ஸ்குரூ டிரைவரை அவன் கையிலிருந்து பிடுங்கியிருப்பீர்கள். நானோ அறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளில் ஒரு மே மாதம். மாட்டுங்காவில் அந்தச் சின்ன நர்சிங் ஹோம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும், இரண்டு உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தாராவியிலிருந்து டாக்ஸியில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்த நீங்கள், ஆபரேஷன் அறைக் கதவு திறந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலில் இருந்த ஏசி மிஷினைப் பார்த்தீர்கள். ஆபீஸ் ஆபீஸாகப் போய் அதை மாட்டுவதுதானே உங்கள் வேலை. மிஷினின் அடியிலிருந்து தண்ணீர் அறைக்குள் வழிந்து, சுவிட்ச் போர்டு பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இந்தா வந்துருதேன்" என்றீர்கள்.

"எங்க போறீய? இங்கன நில்லுங்க" என்று நான் அழுதபோது உங்கள் முதுகுதான் தெரிந்தது.

அப்புறம் நடந்ததை நர்சிங் ஹோமுக்குக் கீழ்வீட்டில் குடியிருந்த மாமி சொல்லித்தான் அறிந்தேன். மிஷினிலிருந்து வந்த குழாய் அவர் வாசலுக்கு மேலேயே முடிந்திருக்கிறது. நாள் முழுக்கத் தலையில் சொட்டினால் யார்தான் பொறுப்பார்கள்?

"நான்தான் பழந்துணியை வச்சு அடைச்சேன். உங்காத்துக்காரர் அதை உருவினார், மடமடன்னு கொட்டித்து. மறுபடி அடைச்சுடாதீங்கம்மா, உள்ளே என் பொண்டாட்டி இருக்கான்னு கையெடுத்துக் கும்பிட்டார்" என்றார் மாமி.

கும்பிட்டதோடு விட்டீர்களா? எதிர்க்கடையில் ரப்பர் குழாய் வாங்கி, சரிவு பார்த்து, சுவரோரமாகச் சாக்கடை வரை இழுத்துக் கட்டினீர்கள். உள்ளே தண்ணீர் நின்றதா என்று உங்கள் அரைகுறை ஹிந்தியில் மேலே பார்த்துக் கத்தினீர்களாம். நர்ஸ் குழந்தையோடு வராந்தாவுக்கு வந்தபோது தகப்பனைக் காணோம். நம் மகளை முதலில் கையில் வாங்கியது, மேலே ஏறி வந்திருந்த அந்த மாமிதான்.

மயக்கம் தெளிந்ததும் கேட்டேன். "பொண்டாட்டியவிட ஒங்களுக்குக் குழாதான் பெருசாப் போச்சோ?"

நீங்கள் என் நெற்றியில் கை வைத்தீர்கள். "எனக்கு வேற ஒண்ணும் செய்யத் தெரியலட்டி" என்றீர்கள். அன்று அது எனக்குச் சமாதானமாக இல்லை.

போன வருஷம் உங்களை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தபோது, கடைசி மூச்சு வரை உங்கள் கையைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என்ன பொறுமை என்று நர்ஸ்கூட மெச்சினாள். பொறுமையாவது ஒன்றாவது. செய்வதற்கு ஏதாவது ஒன்று எனக்குத் தெரிந்திருந்தால், நானும் உங்களை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து ஓடியிருப்பேன்.