பரளிப் பொழி

ஐப்பசி 11, காலை 6.10. பொழிக் கோபுரம்.

வழக்கமான பதிவு. கடல் மட்டம் நேற்றைவிட நான்கு விரல் கூடுதல். காற்று இல்லை. மழை விட்டுவிட்டது, ஆனால் பள்ளத்தாக்கில் பரளி ஆற்று வெள்ளம் இடுப்பளவு நிற்கிறது. கடலுக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டைத்தான் நாங்கள் பொழி என்கிறோம். இந்தக் கோபுரம் அதன் மேல் இருக்கிறது. வடக்கு முனையில் கருங்கல் குன்று.

நான் கில்டா. கடல் அளப்பது என் வேலை. இதைக் கண்டெடுப்பவர் யாரானாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: வெளியே கடல், உள்ளே நிற்கும் வெள்ளத்தைவிட இரண்டாள் உயரம். பள்ளத்தாக்கில் நின்று பார்த்தால் இது தெரியாது, மணல் மறைக்கும்.

காலை 8.40

நேற்றுத் தோண்டியெடுத்த மண் உருளையை அறுத்துப் பார்த்தேன். அடியில் ஆற்றுக் கூழாங்கல். மேலே வேரோடு மரம். அதற்கு மேல் சட்டென்று கடல் சிப்பி, நடுவில் சேறுகூட இல்லை. இந்தப் பள்ளத்தாக்கு முன்பே ஒருமுறை கடலுக்குள் போயிருக்கிறது. அதுவும் ஒரே பாய்ச்சலில்.

பூமியிலும் பள்ளத்தாக்குகள் முங்கின. பனிக்காலத்தில் தண்ணீரெல்லாம் பனியாகி நிலத்தில் ஏறிக் கிடந்தது, கடல் இறங்கிப் போனது. ஆறுகள் அதன் பின்னாலேயே நெடுந்தூரம் ஓடி ஆழமாகப் பள்ளம் பறித்தன. பனி உருகியதும் கடல் அதே வழியில் ஏறி வந்தது. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இங்கே அவ்வளவு பொறுமை இல்லை. பூமியிலிருந்து வந்து, குளிர் தாங்கவில்லை என்று இந்தக் கிரகத்தைச் சூடாக்கிப் பனியை உருக்கியது நாங்கள்தான். அனுபவிக்க வேண்டியதுதான்.

காலை 9.15

ஊர்த்தலைவர் வறுவேல், வானொலியில்: "மக்களே கில்டா, வெள்ளத்த எறைக்குத பம்பு எல்லாம் முங்கிப் போச்சு. பிள்ளையளக் கோயில் மாடியில ஏத்தி நிறுத்தியிருக்கோம். இன்னைக்குப் பொழி வெட்டுதோம்."

நான்: "வெட்டாதீங்க மாமா! வெளிய கடல் உசரத்துல நிக்கி."

அவர்: "அது காத்துக்கு ஏறுன தண்ணி, தானா வடியும். எங்க அப்பன், அவனுக்க அப்பன் எல்லாரும் வெட்டுனதுதான."

வெட்டினார்கள்தான். பூமியில், குமரிக் கரையில், ஆறு பெருகினால் பொழியை வெட்டிவிடுவார்கள், வெள்ளம் கடலுக்கு ஓடிவிடும். அங்கே ஆறு மேலே, கடல் கீழே. இங்கே தலைகீழ். காற்று நின்று இரண்டு நாளாகியும் கடல் ஒரு விரல் இறங்கவில்லை. பம்பைச் சரிசெய்ய ஆள் கேட்டேன். படித்தவள் திமிர் என்றார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

காலை 11.05

இடது கையால் எழுதுகிறேன்.

குன்றின் அடியில், மணல் ஒடுங்கிய இடத்தில் பொக்லைன் இறங்கியது. ஓட்டுவது என் தம்பி ததேயு. போய்க் குறுக்கே நின்றேன். ஒருவன் மண்வெட்டிக் காம்பால் என் முழங்கையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் கையைக் கடித்தேன், சதை பிய்ந்து வந்தது. நாய்கள்! ததேயுதான் என்னை இழுத்து வந்து கோபுரத்தில் தள்ளி, வெளியே பூட்டினான்.

பகல் 12.30

ததேயு, வானொலியில்: "அக்கா, கை எப்பிடி இருக்கு? வேலை முடியட்டும், நானே ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

நான்: "ஏலே, கடல் பக்கத்து வரம்ப மட்டும் தொடாத. அம்மையாணச் சொல்லுதேன்."

ததேயு: "காத்துத் தண்ணிதான் அக்கா. பயப்படாத."

பகல் 12.52

திறந்துவிட்டான். கடல் உள்ளே போகிறது. வெட்டு ஓராள் அகலம் இருந்தது, இப்போது ஒரு வீட்டு அகலம். குழியில் நின்றவர்களைத் தூக்கிப் பாறையில் அறைந்தது. ஒருவனுக்குத் தலையே இல்லை. பொக்லைன் புரண்டு குன்றின் அடியில் செருகிக்கொண்டது. அதன் மேல் மூன்று பேர் தொங்குகிறார்கள். சிவப்புச் சட்டை ததேயு.

ததேயு: "அக்கா! கயிறு எறியச் சொல்லு! அக்கா!"

கயிறு எறிய யார் இருக்கிறார்கள்? பள்ளத்தாக்கில் முதல் வரிசை வீடுகள் போய்விட்டன. அடுத்தது கோயில்.

நில அடுக்குப் பார்க்கக் குன்றில் துளை போட்டு வெடி வைத்திருக்கிறேன். விசை இந்த மேசையில். குன்று சரிந்தால் வெட்டு அடைபடும். அவன் நேர் கீழே இருக்கிறான்.

ததேயு: "அக்கா, கேக்குதா?"

நான்: "கேக்குது மக்கா. கண்ண மூடிக்கோ."

பகல் 1.20

அழுத்தினேன். குன்று பாதி இறங்கிவிட்டது. சன்னல் உடைந்து ஒரு கண்ணில் கண்ணாடி. வெட்டு அடைந்துவிட்டது, கடல் நின்றுவிட்டது. கோயில் மாடியில் பிள்ளைகள் தெரிகிறார்கள்.

தம்பியைக் கொன்றுவிட்டேன். அவன் குரல் வந்த வானொலி இன்னும் இரைந்துகொண்டிருக்கிறது. அணைக்கக் கை வரவில்லை.

பகல் 3.20

வறுவேல்: "அடியே கொலகாரி! தண்ணி வடிய வெட்டுன வழிய, ஆளோட சேத்து அடைச்சிட்டியே! இப்பப் பாரு, கழுத்து முட்ட நிக்கி!"

நான்: "அது கடல் தண்ணி மாமா! வடியல, உள்ள வந்துது! குடிச்சுப் பாருங்க, உப்புக் கரிக்கும்!"

உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெடிச் சத்தமும் ஏறிய வெள்ளமும்தான். நடந்ததைப் பார்த்து அவர்களிடம் சொல்ல, வெட்டில் நின்றவர்களில் ஒருவன்கூட உயிரோடு இல்லை.

மாலை 4.45

இரண்டாவது பொக்லைன் வருகிறது. இந்த முறை தெற்கு முனை. அங்கே பாறை இல்லை, வெறும் மணல். வெடி தீர்ந்துவிட்டது.

கீழே கதவைக் கடப்பாரையால் இடிக்கிறார்கள். வெட்டாதே வெட்டாதே என்று கத்திக் கத்தித் தொண்டையில் ரத்தம். மணலை அள்ள ஆரம்பித்துவிட்டான். அடப் பாவிகளா, வெளியே ஒருமுறை எட்டிப் பாருங்கள், ஒரே ஒரு

கதவு போயிற்று. படியில் ஏறுகிறார்கள்.

வானொலியில் வறுவேல் குரல். என்னிடம் இல்லை, கோயில் மாடியில் பிள்ளைகளிடம் பேசுகிறார்.

"அழாதீங்க மக்களே. வெட்டியாச்சு. இப்ப வடிஞ்சிரும்."