ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்துவிடு

மார்ச் 3

அன்புள்ள நெட்டைக்கு,

பார்சல் வந்தது. நீ போட்டிருந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோலைத் தேட வேண்டியதாயிற்று. நாவலை முழுதாகப் படித்துவிட்டேன். நீ ஒன்றை முடித்திருக்கிறாய் என்பதே ஆச்சரியம். எழுத்துப் பலகையைக் காட்டி, "இது தெரியுதா, அது தெரியுதா" என்று வாடிக்கையாளரைக் கேட்பதற்கு நடுவில் முந்நூறு பக்கம் எழுத முடிகிறதென்றால், மூக்குக் கண்ணாடி வியாபாரம் அவ்வளவு மந்தம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அபிப்பிராயம் கேட்டிருந்தாய். முதல் அத்தியாயம் நன்று. திருமணக் காட்சி நன்று. கதாநாயகன் வாழ்க்கையைப் பற்றி இரண்டு பக்கம் யோசிக்கிறானே, மிக நன்று. ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்துவிடு. இறந்துபோன கணவனின் கண்ணாடியை ஒரு பெண் மாதாமாதம் கடைக்குக் கொண்டுவந்து துடைத்து வாங்கிப் போகிறாளாம். கடைக்காரன் ஒருநாள் அவளிடம் சொல்லாமல் அதே பிரேமில் அவளுடைய பவரைப் போட்டுக் கொடுத்துவிடுகிறானாம். அவள் வாசலில் நின்று அதைப் போட்டுப் பார்க்கிறாளாம். நம்பும்படி இல்லை, கதையோடும் ஒட்டவில்லை.

என் நாவலைப் பற்றி விசாரித்திருந்தாய். இது ஏழாவது. கதாபாத்திரங்கள் குடியிருக்கும் வீட்டை வரைந்து முடிக்காமல் எனக்கு எழுத்து ஓடாது, உனக்குத் தெரியும். கட்டட அனுமதி அலுவலகத்தில் வரைவாளனாகக் காலம் தள்ளுகிறவனின் பழக்கம் அது. மாடிப்படி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியாமல் ஒருவனை எப்படிக் கோபமாக இறங்க வைப்பது? இப்போதைக்குத் தரைத்தளமும் முதல் அத்தியாயமும் முடிந்திருக்கின்றன. அத்தியாயத்தை இதோடு வைத்திருக்கிறேன். "வீடெல்லாம் ரெடி, குடி வரத்தான் ஆளைக் காணோம்" என்கிறாள் என் மனைவி. அவளுக்கு எல்லாமே கேலி.

கல்லூரி மலரில் என் கதையை விட்டுவிட்டு உன் கதையைப் போட்டதை நான் எப்போதோ மறந்துவிட்டேன் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

உன்,
மேஸ்திரி


மார்ச் 14

அன்பு மேஸ்திரி,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். பார்வை சோதிக்க வந்த ஒரு பெரியவர் ஒரு கண்ணை மூடியபடி காத்திருந்தார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எவ்வளவு ஊன்றிப் படித்திருக்கிறாய்! உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் திருத்தினேன். பிரதி பதிப்பகத்துக்குப் போயாயிற்று.

உன் ஏழாவது நாவலின் முதல் அத்தியாயம் பிரமாதம். அந்த மழைநீர்க் குழாய் வர்ணனை, அடடா! சீக்கிரம் முடி.

தங்கச்சிக்கு என் அன்பு.

என்றும் உன்,
நெட்டை


அக்டோபர் 9

நெட்டைக்கு,

உன் புத்தகம் வெளிவந்ததை நீ சொல்வதற்கு முன்னால் என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் சொன்னாள். "சார், இவர் உங்க ஃப்ரெண்டாமே! ஒரு கையெழுத்து வாங்கித் தாங்களேன் சார்." இத்தனை வருடம் வீடு கட்டுகிறவர்கள் கொண்டுவரும் வரைபடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவன் நான். என் கையெழுத்தை இதுவரை யாரும் ஆசையாகக் கேட்டதில்லை.

வாங்கிப் படித்தேன். காசு கொடுத்துத்தான்.

ஒன்பதாம் அத்தியாயம் அப்படியே இருக்கிறது. ஒரு கமா கூட நகரவில்லை. ஆனால் நான் நன்று என்று சொன்ன திருமணக் காட்சியைக் காணோம். அந்த இரண்டு பக்க யோசனையையும் காணோம். முதல் அத்தியாயம் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. போதாததற்கு, வாரப் பத்திரிகையில் விமர்சனம் எழுதியவன் அந்தக் கண்ணாடிக்காரப் பெண்ணைப் பற்றியே அரைப்பக்கம் உருகியிருக்கிறான்.

என் பேச்சைக் கேட்பதாக இல்லையென்றால் எதற்கு என்னிடம் அனுப்பினாய்? "உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தினேன்" என்று எழுத எப்படிக் கை வந்தது?

மேஸ்திரி


அக்டோபர் 17

அன்பு மேஸ்திரி,

அது பொய்யில்லை. உன் கடிதத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் திருத்தினேன். நீ நன்று என்ற இடங்களை வெட்டினேன். எடுத்துவிடு என்ற இடத்தில் கை வைக்கவில்லை.

கோபப்படாமல் கேள். கல்லூரி மலருக்கு நான் இரண்டு கதை எழுதியிருந்தேன். இரண்டையும் உன்னிடம் காட்டினேன். ஒன்றைப் படித்துவிட்டு, "சூப்பர்டா" என்று முதுகில் தட்டினாய். இன்னொன்றைப் படிக்கும்போது உன் முகம் சுருங்கிப் போயிற்று. "குப்பை, இதைக் குடுத்தா மானம் போயிடும்" என்றாய். குப்பையைக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் எழுதியது எதையும் உன்னிடம் காட்டாமல் எங்கும் அனுப்பியதில்லை. நல்லதைப் பார்த்தால் உனக்கு வயிறு எரியும். உன்னால் அதை மறைக்கவும் முடியாது. என் கடையில் எத்தனையோ மெஷின் இருக்கிறது, எதுவும் உன் அளவுக்குத் துல்லியமாகக் காட்டியதில்லை.

இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. உன்னைப் போலப் படிக்கத் தெரிந்தவன் எனக்கு வேறு யாரும் இல்லை.

உன்,
நெட்டை


அக்டோபர் 26

நெட்டைக்கு,

ஆக, இத்தனை வருடமும் என் வயிற்றெரிச்சலை வைத்துப் பிழைத்திருக்கிறாய்.

உன் கடிதத்தை மனைவியிடம் காட்டினேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தது என் தப்பு. விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணன் சொல்றது சரிதானே? எதிர் வீட்டுக்காரர் கார் வாங்கினப்போ கலர் சரியில்லைன்னீங்க. நல்ல கலர்தாங்க அது" என்றாள். அந்தக் கலர் சரியில்லைதான். அது வேறு விஷயம்.

இப்போது எனக்கு ஒன்று தெரிய வேண்டும். என் நாவல்கள் ஏழின் ஆரம்பத்தையும் நீ படித்திருக்கிறாய். ஏழுக்கும் பிரமாதம் என்றே எழுதியிருக்கிறாய். நானும் அதை நம்பி, மடித்து வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். உன் கணக்குப்படி பாராட்டு எதற்கும் உதவாத சரக்கு என்று ஆகிவிட்டதால் கேட்கிறேன். என் எழுத்தைப் பார்த்து உனக்கு எப்போதாவது வயிறு எரிந்திருக்கிறதா? ஒரு பக்கத்துக்காவது? ஒரு வரிக்காவது?

நட்புக்காகச் சொல்லாதே. உண்மையைச் சொல்.

மேஸ்திரி


நவம்பர் 8

அன்பு மேஸ்திரி,

இல்லை.

இந்த ஒரு சொல்லோடு கடிதத்தை முடித்துவிடலாமா என்று பார்த்தேன். நீ தப்பாக எடுத்துக்கொள்வாய். எழுத்து நன்றாக இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அஸ்திவாரத்தைப் பார்த்து யாருக்குடா பொறாமை வரும்? "நல்லா இருக்கே, எப்போ குடி வர்றீங்க"ன்னு கேட்டுட்டுப் போயிடுவோம். ஏழு தடவையும் நான் அப்படிக் கேட்டுவிட்டுப் போனவன்தான். பிரமாதம் என்று எழுதியதற்கு அவ்வளவுதான் அர்த்தம்.

எரிந்தது என்று ஒரு பொய்யை எழுதியிருப்பேன். நீ உண்மையைக் கேட்டுவிட்டாய்.

உன்,
நெட்டை


ஆகஸ்ட் 2

நெட்டைக்கு,

இத்தனை மாதம் பதில் போடாததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உன் தீபாவளி, பொங்கல் எதுவும் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

இதோடு இருப்பது என் எட்டாவது. முடித்துவிட்டேன்.

இந்தத் தடவை வீடு வரையவில்லை. வரைபடத் தாள்களையெல்லாம் மனைவி சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்துவிட்டாள். ஏழாவது நாவலின் வரவேற்பறை மேல் இப்போது ஊறுகாய் ஜாடி இருக்கிறது.

கதை இதுதான். கட்டட அனுமதி அலுவலகத்தில் ஒருவன். அவன் மேசைக்குப் பழைய நண்பனின் வீட்டுக் கோப்பு வருகிறது. அதில் எல்லாம் சரியாக இருக்கிறது. சரியாக இருப்பதாலேயே அவனுக்குக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. ஜன்னல் அகலம் போதாது என்கிறான், கழிவறைக் கதவு எதிர்ப்பக்கம் திறக்க வேண்டும் என்கிறான். நண்பன் திருத்தித் திருத்திக் கொண்டுவருகிறான். அந்த ஆள் யார் என்று நீ கேட்கமாட்டாய்.

ஓரிடத்தில் அவன் கோபமாக மாடிப்படி இறங்க வேண்டும். படி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எனக்கே தெரியவில்லை. எப்படியோ இறங்கிவிட்டான்.

படித்துவிட்டு எழுது. பிரமாதம் என்று எழுதத் தோன்றினால் தபால் செலவு வேண்டாம்.

மேஸ்திரி


செப்டம்பர் 20

மேஸ்திரிக்கு,

கடையில் வேலை அதிகம். அதனால்தான் தாமதம்.

படித்தேன். சுமார். கதையில் வரும் பியூன் அளவுக்கு மீறிப் பேசுகிறான். அவன் பேச்சுக்குச் சிரிப்பு வருகிறது, அது இந்தக் கதைக்குத் தேவையில்லை. தலைப்பு வாயில் நுழையவில்லை. கையெழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, படித்து முடிப்பதற்குள் கண் வலி வந்துவிட்டது.

முக்கியமாக, கடைசியில் வரும் இடம். நண்பன் தன் வரைபடத்தில் வேண்டுமென்றே ஒரு தப்பைப் போட்டுக் கொண்டுவருகிறான். திருப்பி அனுப்ப இவனுக்கு ஒரு நியாயமான காரணம் கிடைக்கட்டும் என்று. இவன் அதைக் கண்டுபிடித்ததும், தன் பேனாவால் அந்தத் தப்பைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். எந்த மனிதனும் அப்படிச் செய்யமாட்டான். எடுத்துவிடு.

அவசரப்பட்டு யாருக்கும் அனுப்பாதே. ஓரிரண்டு வருடம் ஆறப் போடு.

என் இரண்டாவது நாவல் பாதியில் நிற்கிறது. உன் பார்சல் வந்ததிலிருந்து அதில் ஒரு வரி எழுதவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

தங்கச்சிக்கு என் அன்பு. உனக்கு இந்தத் தடவை கிடையாது.

நெட்டை


செப்டம்பர் 27

அன்புள்ள நெட்டைக்கு,

இவ்வளவு கேவலமான கடிதத்தை இதுவரை யாரும் எனக்கு எழுதியதில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இன்று அலுவலகத்தில் இரண்டு பேருடைய வரைபடத்தை ஒரு குறையும் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். பியூன் வந்து, "சார், உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டான்.

இருந்தாலும் எனக்கு ஒரு சந்தேகம். உனக்கு நிஜமாகவே எரிகிறதா, இல்லை, என் நாவலில் வருகிற நண்பனைப் போல எனக்காக ஒரு தப்பைப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாயா? சொல்லிவிடாதே. இதற்கு மட்டும் எனக்கு உண்மை வேண்டாம்.

பிரதி இன்று பதிப்பகத்துக்குப் போகிறது. நீ எடுக்கச் சொன்ன இடம் அப்படியேதான் இருக்கிறது.

பாதியில் நிற்கிற உன் இரண்டாவது நாவலை அனுப்பிவை. நன்றாக இருந்தால் திட்டி எழுதுகிறேன்.

உன்,
மேஸ்திரி