அப்பா மிச்சம் பிடித்த பேட்டரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே கை கால் சுகத்தோடு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று முழுசாக எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் என் இடது மணிக்கட்டு அதற்கு ஒப்புக்கொள்ளாமல் மாவுக்கட்டுக்குள் படுத்திருக்கிறது. பதறாதே. ஆறு வாரத்தில் பிரித்துவிடுவார்களாம், எழுதுகிற கை பத்திரமாக இருக்கிறது, எழுத்து கோணலாகத் தெரிந்தால் அது பள்ளிக்கூடத்திலிருந்தே வருகிற கோணல். ஞாயிற்றுக்கிழமை போனில் ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்கு வராதே, உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லாதே சொல்லாதே என்று இரண்டு கையாலும் போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி சைகை காட்டிக்கொண்டிருந்தார். அதனால்தான் கடிதம். தாளின் பின்பக்கத்தில் போன வருடத்து மார்ச் மாதம் தெரிகிறதே என்று யோசிக்காதே, நம் வீட்டில் மாதங்கள்கூட முடிந்த பிறகும் வேலை பார்த்தாக வேண்டும்.

உன் அப்பாவின் சிக்கனம் உனக்குத் தெரியாததில்லை, ஆனால் நீ பார்த்ததெல்லாம் வெள்ளோட்டம். முப்பத்தொரு வருடம் குடிநீர் வாரியத்தில் தெருத்தெருவாகப் போய் வால்வைத் திறந்து மூடியவர், எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடம் தண்ணீர் என்று தீர்மானித்த கை. ஓய்வு பெற்ற பிறகு மூடுவதற்கு ஒரு தெருவும் இல்லாமல் போயிற்று, என்ன செய்வார் பாவம், வீட்டை மூட ஆரம்பித்தார். பற்பசைக் குழாய் தீர்ந்தால் கத்தரிக்கோலால் வகுந்து பிரேதப் பரிசோதனை நடக்கும். தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒட்டி ஒட்டி ஒரு சோப்பு செய்கிறார், அது நாலு நிறத்தில் இருக்கிறது, எந்தக் கம்பெனிக்காரனும் அதைத் தன் பிள்ளை என்று சொல்லமாட்டான். ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றால் போதும், யோசிச்சுட்டுத் திற, திறந்துட்டு யோசிக்காதே என்று பின்னாலிருந்து குரல் வரும். நான் மட்டும் என்ன யோக்கியம், துணி அலசிய தண்ணீரைக் கீழே ஊற்ற மனசு வராமல் பக்கெட் பக்கெட்டாகக் குளியலறையில் நிறுத்தி வைக்கிறவள்தானே. ஜாடிக்கேற்ற மூடி என்று இவரைத் தேடிப் பிடித்து எனக்குக் கட்டிவைத்தார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ போன தடவை வந்திருந்தபோது அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டு, கூடவே சட்டைப் பொத்தான் அளவில் பேட்டரிகள் ஒரு டப்பா நிறைய வைத்துவிட்டுப் போனாயே, அது நடந்து பதினொரு மாதம் ஆகிறது. நீ விமானம் ஏறிய மறுநாளே மெஷினைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து, பஞ்சில் சுற்றி, டப்பாவோடு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். எப்போதும் மாட்டிக்கொண்டிருந்தால் பேட்டரி தீர்ந்துவிடுமாம். யாருக்காக மாட்டுவது என்று ஒரு தராதரமும் வைத்திருந்தார். டாக்டரைப் பார்க்கப் போனால் மாட்டுவார். மேல்மாடி வாத்தியார் வந்தால் அவர் வீட்டுப் பெரிய விஷயம் பேசும்போது மட்டும் மாட்டுவார், வாத்தியார் தன் முழங்கால் வலிக்கு வந்துவிட்டால் கழற்றிவிடுவார். அப்படி மாட்டியிருந்த ஒரு சமயம், எனக்கு எப்போது என்று கேட்டேன். நீ என்ன சொல்லப்போறேன்னு எனக்குத் தெரியும், அதுக்கு எதுக்கு ஒரு பேட்டரி என்றார். நாற்பது வருடக் குடித்தனத்துக்கு இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும், சொல். ஒரு நாள் சோதித்துப் பார்ப்போமே என்று எதிரே உட்கார்ந்து, நான் வீட்டை விட்டு ஓடிப்போறேங்க என்றேன். சரி, வர்றப்ப ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வா என்றார். நானும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன், அன்றைக்கு நிஜமாகவே தீப்பெட்டி தீர்ந்திருந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும், குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பகலில் விளக்குப் போடுவது நம் வீட்டுச் சட்டப்படி குற்றம், அதனால் அரை இருட்டு. நான் அருமையாகச் சேர்த்து வைத்திருந்த அலசல் தண்ணீர் பக்கெட்டே என் காலில் இடறியது. வழுக்கி விழுந்து, இடது கை உடம்புக்கு அடியில் மாட்டி, சடக்கென்று ஒரு சத்தம், பக்கெட் அதன் பாட்டுக்கு உருண்டு மூலைக்குப் போய்விட்டது. எழுந்திருக்கப் பார்த்தால் முழங்காலும் சுவர்ப்பக்கம் திருகிக்கொண்டது. கதவு தாழ் போடவில்லை, வெறுமனே சாத்தியிருந்தது, கதவுக்கு அந்தப்பக்கம் பதினைந்து அடி தள்ளி உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நேற்றைய பேப்பரைப் படித்துக்கொண்டிருக்கிறார். என்னங்க என்றேன். என்னங்கோ என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து ஒருதரம்கூடச் சொல்லாத அவர் பெயரைச் சொல்லியே கத்தினேன், அதற்கும் பதில் இல்லை. குவளையால் சுவரைத் தட்டினேன், கீழ்வீட்டுத் தையல்காரி யாரோ குழாய் ரிப்பேர் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாளாம். முக்கால் மணி நேரம். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன் மகளே, பக்கத்தில் ஆள் இருக்கும்போதே ஆளில்லாமல் கிடக்கிறோமே என்பதுதான் தாங்கவில்லை. இப்படியே போய்விட்டால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இவருக்குத் தெரியவரும் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் புத்தி வந்தது. இவருக்கு என் குரல் கேட்காது, ஆனால் தண்ணீர் வீணானால் ஏழு தெரு தாண்டியும் தெரியுமே. ஈரத் துண்டை எட்டி இழுத்துத் தண்ணீர் போகிற ஓட்டையில் அடைத்தேன், தரையோரக் குழாயை வலது கையால் முழுசாகத் திறந்துவிட்டேன். நம் வீட்டுக் குழாய் அவ்வளவு வேகமாகக் கொட்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது, இத்தனை வருடத்தில் அதை முழுக்கத் திறந்து பார்த்தவர் யார். தண்ணீர் ஏறி, வாசற்படி தாண்டி, கதவுக்கடியில் புகுந்து கூடத்துக்குப் போயிற்று. இரண்டே நிமிடம். யாரு குழாயைத் திறந்துபோட்டது, வீடே ஏரியாயிருச்சு பார் என்று ஓடி வருகிறார். இருப்பதே இரண்டு பேர், அதில் யாரு என்று ஒரு விசாரணை.

கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை, அதைப்பற்றிக் கிண்டலாக எழுத எனக்கு வரவில்லை. போட்டிருந்த உடுப்போடு தண்ணீரிலேயே உட்கார்ந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்கிறார். நான் சொல்கிறேன். அவருக்குக் கேட்கவில்லை. என் வாயையே பார்க்கிறார், மறுபடியும் என்ன ஆச்சு என்கிறார், குழாய் பக்கத்தில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் கூரையிலிருந்து தன் தலையில் சொட்டுகிறதே என்று தையல்காரி மேலே ஓடி வந்தாள், அவள்தான் வண்டி பிடித்து எங்களை ஏற்றிவிட்டாள். கட்டுப் போட்டுத் திரும்பி வந்தபோது கூடத்தைத் துடைத்து வைத்துவிட்டு, அக்கா, உங்க வீட்டுக்காரர் குழாயை மூடாமலே போயிட்டார், நான்தான் மூடினேன் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊருக்கே தண்ணீரை மூடிய மனிதர் ஒரு குழாயை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பார்க்க ஒரு மணிக்கட்டு கொடுத்தது ஒன்றும் பெரிய விலை இல்லை என்று தோன்றியது, வலி மருந்து வேறு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

மறுநாள் அவராகவே காது மெஷின் வாங்கிய கடைக்குப் போகலாம் வா என்றார். அங்கே இருந்த பெண் பேட்டரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சார், இந்த ஸ்டிக்கரைப் பிரிச்சதுமே காத்து பட்டு இது செலவாக ஆரம்பிச்சிடும், நீங்க மாட்டினாலும் சரி, பெட்டியில பூட்டினாலும் சரி என்றாள். ஆகக்கூடிப் பதினொரு மாதமாக இவர் மிச்சம் பிடித்தது என் பேச்சை மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் நான் விடவில்லை, அப்படி யாருக்காகச் சேர்த்து வச்சீங்க என்று கேட்டேன். ஞாயித்துக்கிழமை பொண்ணு பேசுறப்ப நடுவுல தீர்ந்துட்டா என்ன பண்றது என்றார். நீ பேசுவது பத்து நிமிடம், அதில் ஆறு நிமிடம் அப்புறம் வேறென்ன, வேறென்ன. அந்தப் பத்து நிமிடத்துக்காக வாரம் பூராவும் என்னை ஊமையாக்கியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, குலுங்கியதில் கை வலித்ததுதான் கண்ட பலன்.

இப்போது காலையில் கண் விழித்தால் மாட்டுகிற மெஷினைப் படுக்கும்வரை கழற்றுவதில்லை. நான் பெருமூச்சு விட்டால் என்ன என்கிறார், பாத்திரத்தை வைத்தால் என்ன என்கிறார், நாற்பது வருடமாக முணுமுணுத்துப் பழகிய எனக்கு வீட்டில் சுதந்திரமே போயிற்று. அதோடு நிற்கவில்லை. பதினொரு மாசமா நீ சொன்னதையெல்லாம் ஒண்ணு விடாம மறுபடி சொல்லு என்று மதியம் சாப்பிட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். நானும் சொல்லிக்கொண்டு வருகிறேன், தையல்காரிக்குக் கடை மாறியது, வாத்தியார் மனைவி கோபித்துக்கொண்டது, என் பழைய தலைசுற்றல் எல்லாம். நேற்று மழைக்காலம் வரை வந்தோம். மழை கொட்டிய ஒரு நாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, சாகறதுக்குள்ள ஒருதரம் நம்ம பொண்ணு இருக்கிற வீட்டைப் பார்த்துட்டு வரணுங்க, அவ எந்த ஜன்னல் பக்கம் நின்னு நம்மகிட்ட பேசறான்னு பார்க்கணும் என்று சொல்லியிருந்தேன். அதைச் சொன்னேன். எழுந்து போய் ஸ்டூல் மேல் ஏறி, அலமாரி உச்சியிலிருந்து பெரிய பெட்டியை இறக்கி, திறந்து வெயிலில் வைத்துவிட்டு வந்து, மேலே சொல்லு என்றார்.

ஆகவே மகளே, கட்டுப் பிரித்ததும் வருகிறோம், அதற்கு என்னென்ன காகிதம் வேண்டுமோ பார்த்து எழுது. நீ நோய்நொடி இல்லாமல், மனநிறைவோடு, நீண்ட நாள் வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். நேரத்துக்குத் தூங்கு. முக்கியமாக ஒன்று, நீ அங்கே வெந்நீரில் அரை மணி நேரம் குளிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், ஆசை தீர இப்போதே குளித்து முடித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருந்தது போதும் என்று தானே கிளம்பிவிட்ட
உன் அம்மா