கலக்கிய தட்டு, கலக்காத தட்டு

8.7.2024, திங்கள்

எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் ஒரே இரைச்சல். அடக்கலாம் என்று போனால், வாசலில் ஹெச்.எம். நடராசன் சார் சிரித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே சத்யப்ரியா டீச்சரின் ‘ஐந்து நிமிட அறிவியல்’. பிள்ளைகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். “பாத்தீங்களா சூர்யகலா டீச்சர், எப்படிப் பேசுதுங்க!” என்றார். பார்த்தேன், பார்த்தேன். அவள் வந்து ஒரு வருஷம். நான் இந்த மரக்காணம் பள்ளியில் பதினாறு வருஷம். ஒன்றிய அளவிலான ஆசிரியர் பயிற்சியில் மாதிரி வகுப்பு எடுக்க எங்கள் இருவரில் ஒருவரை அனுப்பப்போகிறாராம். நான்தான் போகணும். வயிறு எரிகிறது.

9.7

ஸ்டாஃப் ரூம் மேஜையில் அவளுடைய தாள் கிடந்தது. போனில் போட்டோ எடுத்துவிட்டேன்.

இரண்டு தட்டுகளில் உப்புப் பாத்தித் தண்ணீர். ஒன்றை அடிக்கடி கலக்க வேண்டும், இன்னொன்றைத் தொடக்கூடாது. எது முதலில் காயும்? எழுது, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடு. அவ்வளவுதான். விடையே எழுதவில்லை! என்ன டீச்சரோ இவள்.

10.7

என் ‘ஏ’ பிரிவில் செய்தேன். ஒரு நிமிஷம் ஆகியும் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை — “கலக்கினா உப்பு திரும்பக் கரைஞ்சிடும். கலக்காததுதான் முதல்ல காயும், இல்லையா?”

“ஆமாம் டீச்சர்!”

முப்பத்தொரு தாளிலும் ஒரே விடை. அவள் மட்டும் என்ன, மந்திரமா போடுகிறாள்?

12.7

கலக்கிய தட்டு காய்ந்துவிட்டது. கலக்காததில் மேலே உப்பு ஏடு கட்டி, அடியில் இன்னும் தண்ணீர்.

“எங்களுக்குத் தெரியும் டீச்சர்,” என்றாள் செந்தமிழ். அவள் அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. “எங்கம்மா தெனமும் ஏட்டை ஒடைச்சிவுடும்.”

“பின்ன ஏன்டி சொல்லல?”

“நீங்கதான் சொல்லிட்டீங்களே.”

ஐயோ. திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருகிற நான், உப்பள வீட்டுப் பிள்ளைகளுக்கு உப்பு காய்வதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர்களும் மரியாதையாகத் தப்பை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதினாறு வருஷமும் இப்படித்தானா?

16.7

மாதிரி வகுப்புக்கு சத்யப்ரியாதான் போகிறாள். போட்டோ எடுத்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். “கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேக்கா,” என்றாள். என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாம். அதுவும் எரிகிறது.

22.7

இன்று நானே யோசித்த கேள்வி. மழை பெய்தால் பாத்தியில் இருக்கும் உப்பு எங்கே போகும்?

“எங்கயும் போவாது டீச்சர். கேள்வியே தப்பு,” என்றாள் செந்தமிழ்.

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, “எப்படிச் சொல்ற?” என்று மட்டும் கேட்டேன். அதற்குள் பின் பெஞ்சிலிருந்து பொன்னி, “போவும்டி!” என்று எழுந்துவிட்டாள். அதன் பிறகு என்னை யாரும் திரும்பியே பார்க்கவில்லை.